சமூக ஊடகப் பதிவின் பயனை அளத்தலும் பார்வையாளரின் அந்தரங்கமும்

மாணவர்களே, கட்டுகஸ்தோட்டையிலுள்ள ஒரு பாடசாலையின் மாணவர் மன்றம் டெங்கு ஒழிப்புச் சிரமதானம் பற்றித் தனது பேஸ்புக் பக்கத்தில் இரண்டு பதிவுகளை இட்டதாகக் கொள்வோம். முதலாவது பதிவு 800 பேரைச் சென்றடைந்தது. அவர்களுள் 64 பேர் விருப்பம் தெரிவித்தனர், கருத்து எழுதினர் அல்லது பகிர்ந்தனர். இரண்டாவது 2,000 பேரைச் சென்றடைந்தது. 80 பேரே அவ்வாறு செய்தனர். எது சிறந்த பதிவு?

பலர் இரண்டாவது என்றே விடையளிப்பர். பதிவைக் கண்டோரின் தொகை சென்றடைவு எனப்படும். கண்டு, ஏதேனும் செய்தோரின் தொகை ஈடுபாடு எனப்படும். ஈடுபாட்டைச் சென்றடைவால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் ஈடுபாட்டு வீதம் கிடைக்கும். முதலாவது 8%, இரண்டாவது 4%. ஆகவே கண்டோரைக் கூடுதலாகத் தூண்டியது முதலாவதே.

இக்கணிப்பில் ஒருவரது பெயரேனும் தேவைப்பட்டதா? இல்லை. எனினும் விருப்பம் தெரிவித்தோரின் பெயர்கள் திரையில் தெரிவதால், அவற்றை ஊர், வயதுடன் பட்டியலிட மன்றத்தில் ஒருவர் முன்வரக்கூடும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறும் கொள்கை, குறித்த நோக்கத்துக்குத் தேவையான தரவை மட்டுமே சேகரிக்க வேண்டும் என்பதாகும். அப்பட்டியல் இந்நோக்கத்துக்குத் தேவையற்றது.

இது வெறும் சட்ட விடயமன்று. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் வன்முறை பரவியபோது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் ஆகியவற்றைத் தற்காலிகமாக முடக்கியது. வெறுப்பைப் பரப்பும் பதிவுக்கும் உயர்ந்த ஈடுபாட்டு வீதம் கிடைக்கலாம் என்பதை மறவாதீர்கள். அத்தகைய நாட்களில், யார் எப்பதிவை விரும்பினர் என்ற பட்டியல் தவறான கையில் சிக்கினால் என்னவாகும் எனச் சிந்தியுங்கள்.

பெயரை நீக்கினால் போதும் என எண்ணுவது மாணவர் பலரும் விடும் தவறாகும். "குண்டசாலை, 60 வயதுக்கு மேற்பட்டோர்: 1" என அறிக்கையில் எழுதினால், அங்குள்ளோர் அவர் யாரென உடனே ஊகித்துவிடுவர். அந்த வரியை மட்டும் அழிப்பதாலும் பயனில்லை. மொத்தத்திலிருந்து ஏனையவற்றைக் கழித்தால் அந்த 1 மீண்டும் வெளிப்படும். எனவே, 5 இலும் குறைந்த தொகுதிகளைச் சேர்த்து "ஏனையோர்" எனக் காட்டலாம். பதிவைக் கண்டு எத்தனை பேர் சிரமதானத்துக்கு வந்தனர் என அறியவும் தொலைபேசி இலக்கம் வேண்டியதில்லை. வாயிலில் கேட்டு, ஒரு தாளில் கோடிட்டு எண்ணினால் போதும்.

பயிற்சி: ஒரு பதிவு 1,250 பேரைச் சென்றடைந்தது. ஈடுபட்டோர்: கண்டி 29, பேராதனை 14, கம்பளை 3, வத்தேகம 3, தெல்தெனிய 1.
(அ) ஈடுபாட்டு வீதத்தைக் கணிக்க.
(ஆ) இத்தரவை அறிக்கையில் எவ்வாறு காட்டுவீர்? காரணம் தருக.

விடை: (அ) 4%. (ஆ) கண்டி 29, பேராதனை 14, ஏனையோர் 7. சிறு தொகுதிகளிலிருந்து தனியாளை இனங்காண முடியும் என்பதே காரணம்.