ஒரே சூரியன், இரண்டு வெயில்

பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் ஒன்பது மாநிலங்கள். எட்டு மாநிலங்களின் தலைநகரங்கள் கடலோரத்தில் இருக்கின்றன. பியாவுயி மாநிலத் தலைநகரான தெரெசினா மட்டும் கடலை விட்டு 300 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளி, பர்னயீபாவும் போத்தியும் கூடும் ஆற்றுப் பள்ளத்தில் இருக்கிறது. ஆற்றுவழி வணிகம் பெருக வேண்டும் என்பதற்காக 1852-இல் திட்டமிட்டுக் கட்டிய ஊர். 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 8.66 லட்சம் பேர் வசிக்கிறார்கள்.

கடற்கரை இல்லை, அதனால் உல்லாசப் பயணிகளின் கூட்டமும் இல்லை. வீட்டு வாடகை கடலோர நகரங்களைப் போல எகிறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், பியாவுயி சம்பளம் குறைந்த மாநிலம் என்பது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுபவருக்குச் சல்லிசாகத் தெரியும் விலை உள்ளூர்க்காரருக்கு அப்படியில்லை. வருபவர் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அரசின் பொது மருத்துவ அமைப்பு வெளிநாட்டவருக்கும் கட்டணமில்லாமல் சிகிச்சை தருகிறது. பக்கத்து மாநிலமான மரஞ்ஞாவிலிருந்துகூட நோயாளிகள் தெரெசினாவைத் தேடி வருகிறார்கள்.

ஆனால் இங்கே வாழ வருபவர் முதலில் படிக்க வேண்டியது வெயிலைத்தான். அக்டோபரில் பகல் வெப்பம் 37, 38 டிகிரிக்குப் போவது சாதாரணம். 40-ஐத் தொடும் நாள்களும் உண்டு. செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நான்கு மாதப் பெயர்களும் போர்த்துகீசிய மொழியில் ‘ப்ரோ’ என்று முடிவதால், அந்தக் காலத்துக்கே ‘பெ-எர்ரெ-ஓ-ப்ரோ’ என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 5 டிகிரியில் இருக்கிறது தெரெசினா. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது: அக்டோபர் முதல் வாரத்தில் ஒருமுறை, மார்ச் 8 வாக்கில் மறுமுறை. இரண்டு நாளிலும் உச்சிப்பொழுதில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. சொல்லப்போனால் அக்டோபரைவிட மார்ச்சில் சூரியன் நமக்கு ஏறத்தாழ பத்து லட்சம் கிலோமீட்டர் அருகில் இருக்கிறது. கணக்குப்படி மார்ச்சில்தான் வெயில் கொளுத்த வேண்டும். அப்போதோ பகல் வெப்பம் 32 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது.

இந்தப் புதிருக்கு விடை அட்லாண்டிக் கடலில் இருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி, வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் காற்றுகள் சந்தித்து மேலெழும் இடத்தில் பூமியைச் சுற்றி ஒரு மேகப்பட்டை உண்டு. அது சூரியனைத் தொடர்ந்து வடக்கும் தெற்குமாக நகர்கிறது. ஆனால் உடனுக்குடன் நகர்வதில்லை. கடலின் மேல் அது வெதுவெதுப்பான நீரைத்தான் நாடும். கடலோ மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவது. அக்டோபரில் சூரியன் தெரெசினாவின் தலைக்கு மேல் வந்துவிட்டாலும், தெற்கு அட்லாண்டிக் தன் குளிர்காலக் குளிர்ச்சியை இன்னும் விடவில்லை. மேகப்பட்டை வடக்கிலேயே தங்கிவிடுகிறது. ஊருக்கு மேல் வானம் துடைத்துவிட்டதுபோல் கிடக்கிறது. தென்கோளக் கோடை முழுக்கச் சூடேறிய கடல் மார்ச்சில் உச்ச வெதுவெதுப்பை அடையும்போதுதான் அந்தப் பட்டை தெற்கே இறங்கி வந்து மழையைக் கொட்டுகிறது.

அக்டோபர் வெயிலுக்கு இன்னொரு கூட்டாளி, காய்ந்த மண். ஈரமான நிலத்தில் விழும் வெயிலின் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். மழை ஓய்ந்து மாதக்கணக்கில் காய்ந்த மண்ணில் ஆவியாக எதுவும் மிச்சமில்லை. வெயில் நேரே மண்ணையும் அதன் மேலுள்ள காற்றையும் சுட வைக்கிறது. கடலோர நகரமான ஃபோர்த்தலேசாவிலும் இதே சூரியன்தான். அங்கே கடற்காற்று வந்து பகல் வெப்பத்தை 30, 31-இல் பிடித்து நிறுத்துகிறது. தெரெசினாவின் பள்ளத்துக்கு அந்தக் காற்று வந்து சேர்வதில்லை.

மேகப்பட்டை ஓராண்டு வராமலே போனால் என்ன ஆகும் என்பதை 1877 காட்டியது. பசிபிக் கடல் கடுமையாகச் சூடேறிய எல் நினோ ஆண்டு அது. வடகிழக்கு பிரேசிலில் மழை பொய்த்து 1879 வரை நீண்ட ‘பெரும் வறட்சி’ லட்சக்கணக்கானோரைக் கொன்றது. பக்கத்து மாநிலமான சியாராவிலிருந்து பிழைக்க வழி தேடிக் கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் தெரெசினாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அதே 1877-இல் நம் பக்கம் தென்மேற்குப் பருவமழை தவறி, தாது வருஷப் பஞ்சம் இன்னும் கொடியதானதற்கும் அந்தப் பசிபிக் வெப்பமே பெரும் காரணம். எட்டாத தொலைவில் இருந்த இரண்டு மக்கள் கூட்டங்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே கடலின் சூட்டில் மடிந்திருக்கிறார்கள்.

நீரை ஆவியாக்கிச் சூட்டைத் தணிக்கும் வித்தை காய்ந்த மண்ணிடம் தீர்ந்துபோனாலும் மனித உடம்பிடம் தீர்வதில்லை. தெரெசினாவில் போத்தி வெல்யோ என்ற பழைய குயவர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே வனையும் மண்பானை, சுவரில் கசியும் நீரை ஆவியாக விட்டு உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர்விக்கிறது. நம் தோலும் வியர்வையைக் கொண்டு அதையேதான் செய்கிறது. அக்டோபர் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்குவதால் வியர்வை வந்த சுவடு தெரியாமல் உலர்ந்துவிடும். நீர் எவ்வளவு போகிறது என்பது தெரியாததுதான் ஆபத்து. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மார்ச்சில் நிலைமை தலைகீழ்: வெப்பம் குறைவு, வியர்வை உலராது, உடம்பெல்லாம் கசகசப்பு.

புதிதாக வந்தவரின் உடம்பு ஒன்று இரண்டு வாரத்தில் தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை முன்பைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கிறது. வியர்வையோடு வெளியேறும் உப்பு குறைகிறது. இதயத் துடிப்பின் அவசரமும் தணிகிறது. ஆனால் இந்தப் பழக்கம் வெயிலில் நடமாடுபவருக்கு மட்டுமே வரும். ஏசி வீட்டிலிருந்து ஏசி காருக்கும், காரிலிருந்து ஏசி கடைக்குமாக நாளைக் கழிப்பவர் எத்தனை மாதம் இருந்தாலும் முதல் நாள் வந்தவர்தான்.

இந்த வெயில்தான் ஊருக்கு முந்திரிப்பழத்தைக் கொடுக்கிறது. முந்திரி வடகிழக்கு பிரேசிலுக்குச் சொந்தமான மரம். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பண்ருட்டித் தோப்புகளுக்கு மூதாதை அங்கேதான் இருக்கிறது. நாம் கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தைப் பெரும்பாலும் தோப்பிலேயே விட்டுவிடுகிறோம். பியாவுயியில் பழத்தைப் பிழிந்து கஜுயீனா செய்கிறார்கள். கலங்கலான சாற்றில் ஜெலட்டின் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறுவார்கள். தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்புக்குக் காரணமான டானின், ஜெலட்டினோடு ஒட்டிக்கொண்டு திரிதிரியாகப் பிரியும். அதைத் துணியில் திரும்பத் திரும்ப வடிகட்டினால் கண்ணாடிபோல் தெளிந்த நீர் இறங்கும். பாட்டிலில் அடைத்து, வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கும்போது பழத்தின் சர்க்கரையே நிறம் மாறிச் சாறு தேன் நிறத்துக்கு வருகிறது. வெளியிலிருந்து சர்க்கரை சேர்ப்பதில்லை, சாராயமும் இல்லை. 2014-இல் பிரேசில் அரசு இந்தத் தயாரிப்பு மரபைத் தேசியப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. நன்றாகக் குளிரவைத்த கஜுயீனாதான் தெரெசினாவில் விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதை.

குடியேற நினைப்பவர் ஜூன், ஜூலையில் போய்ச் சேருவது நல்லது. மழை விட்டிருக்கும், இரவில் வெப்பம் 22 டிகிரிக்கு இறங்கும், அக்டோபருக்குள் உடம்பைப் பழக்க அவகாசம் கிடைக்கும். வீடு பார்க்கும்போது பிற்பகல் வெயில் படுக்கையறைச் சுவரில் விழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அப்படி விழுந்தால் வாடகையில் மிச்சம் பிடித்த பணம் முழுவதும் ஏசிக்கான மின்கட்டணத்தில் கரைந்துவிடும். கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். யோசிக்காமல் கொடுத்துவிடலாம்.