16 வயசுல மில் வேலை... சட்டம் என்ன சொல்லுது?

நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட் திருப்பூர்ல தைச்சதா இருக்கலாம். ஆனா, குழந்தைத் தொழிலாளர் பத்திப் பேசும்போது பனியன் கம்பெனியோட நிறுத்திட்டா பாதிக் கதைதான் தெரியும். தைக்கத் துணி வேணும், துணிக்கு நூல் வேணும். அந்த நூலைத் தயாரிக்கிற ஸ்பின்னிங் மில்கள் திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்கள்ல பரவிக் கிடக்கு. 'சுமங்கலித் திட்டம்' வளர்ந்தது அங்கேதான்.

பேரைக் கேட்டா அரசாங்கத் திட்டம் மாதிரி இருக்கும். உண்மையில மில்களுக்கு ஆள் எடுக்கப் பயன்பட்ட பேர் அது. டீன் ஏஜ் பெண்கள் மூணு வருஷம் மில் ஹாஸ்டல்ல தங்கி வேலை செய்யணும். முடிச்சா 30,000, 50,000 ரூபாய்னு ஒரு மொத்தத் தொகை கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும். வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடை செஞ்சிடுச்சு. அதுக்குக் காசு சேர்க்கிறதைச் சொல்லித்தான் ஆள் பிடிச்சாங்க!

அந்தத் தொகை பரிசு இல்லை. மாசாமாசம் கொடுக்க வேண்டிய கூலியில பிடிச்சு வெச்சதுதான் பெரும்பாலும். ரெண்டரை வருஷத்துல உடம்பு முடியாம ஒரு பொண்ணு ஊருக்குக் கிளம்பினா, அந்தக் காசு கைக்கு வராமலே போகலாம். அந்தப் பயம் இருக்கும்போது கேட்டைப் பூட்ட வேண்டிய அவசியமே இல்லை.

'16 வயசாச்சே, வேலை செய்யக் கூடாதா?' நியாயமான கேள்விதான். 2016-ல திருத்தப்பட்ட நம்ம சட்டப்படி, 14 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களை வேலைக்கு வைக்கக் கூடாது (குடும்பத் தொழில்ல உதவுறதுக்கும் நடிப்புக்கும் விலக்கு உண்டு). 14-லேருந்து 18 வரைக்கும் ஆபத்தான வேலைகளுக்கு மட்டும்தான் தடை.

சர்வதேசச் சட்டம் இங்கே இன்னொரு கேள்வியையும் கேட்குது: வயசு சரி, எந்த நிலைமையில வேலை வாங்குறாங்க? ஐ.எல்.ஓ-வின் 182-வது உடன்படிக்கைப்படி, 18 வயசுக்குக் கீழ யார்கிட்ட கட்டாய வேலை வாங்கினாலும், அது குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவம். கூலியைப் பிடிச்சு வைக்கிறதைக் கட்டாய உழைப்பின் அடையாளங்கள்ல ஒண்ணா ஐ.எல்.ஓ சொல்லுது. 1999-ல வந்த இந்த உடன்படிக்கையை இந்தியா ஏத்துக்கிட்டது 2017 ஜூன்ல. 2020-ல டோங்கா கையெழுத்துப் போட்டதோட, 187 உறுப்பு நாடுகளும் ஏத்துக்கிட்டாச்சு.

'பெத்தவங்க சம்மதிச்சுத்தானே அனுப்பினாங்க?' இதுக்கு நம்ம உச்ச நீதிமன்றமே 1982-ல, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்குல பதில் சொல்லியிருக்கு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழ கொடுத்து வேலை வாங்கினா அது கட்டாய உழைப்பு. வறுமையும் பசியும்கூட ஒரு கட்டாயம்தான்.

இதுக்காக ஜெனீவாவிலேருந்து யாரும் மில் வாசலுக்கு வரப்போறதில்லை. உடன்படிக்கை கட்டுப்படுத்துறது அரசாங்கத்தை. மில்களுக்கு உறைச்சது வேற. 2011, 2014-ல நெதர்லாந்தின் 'சோமோ' அமைப்பு வெளியிட்ட அறிக்கைகள், வெளிநாட்டு பிராண்டுகளுக்கும் இந்த மில்களுக்கும் உள்ள தொடர்பை வெளிச்சம் போட்டுக் காட்டின. 'சுமங்கலி'ங்கிற பேர் மங்கிடுச்சு. ஹாஸ்டல்ல தங்கவெச்சு வேலை வாங்குறது நிக்கலை.

அதனால, உங்க ஊர்ப் பொண்ணு யாராவது மில் ஹாஸ்டல்ல இருந்தா, வயசோட நிறுத்தாதீங்க. சம்பளம் மாசாமாசம் அவ அக்கவுன்ட்டுக்கு வருதா? போன் வெச்சுக்க விடுறாங்களா? நினைச்சா லீவு போட்டு ஊருக்கு வர முடியுதா? பாதியில நின்னா அதுவரைக்கும் உழைச்ச காசு முழுசா கிடைக்குமா? பதில் 'இல்லை'ன்னா, 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்காக 1098-க்கு எந்த நேரத்திலும் போன் பண்ணலாம். எந்த வயசா இருந்தாலும், 1976-ம் வருஷக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி கலெக்டர்கிட்ட மனு கொடுக்கலாம்.