டயலாக் புரியவில்லையா? தனி ஆம்ப்ளிஃபையர் வாங்கும் முன்

வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் நம்ம ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “சண்டை வந்தா வீடே அதிருது, பேசினா ஒண்ணுமே புரியல. தனியா ஒரு பவர் ஆம்ப் வாங்கிப் போட்டா சரியாயிடுமா?”

பதில் ‘ஆமாம்’ என்றும் இல்லை, ‘இல்லை’ என்றும் இல்லை. எந்த வீடு, எந்த ஸ்பீக்கர், எவ்வளவு சத்தம் என்பதைப் பொறுத்தது. நான் தொழிலில் சாஃப்ட்வேர் ஆள், ஆடியோ எஞ்சினியர் இல்லை. ஆனால் டல்லாஸ் பக்கம் ப்ளேனோவில் இருக்கும் எங்கள் வீட்டில் இதைப் பல மாதம் அளந்து, மாற்றி, மறுபடி அளந்து பார்த்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது வெறும் பொழுதுபோக்குச் சமாச்சாரம் என்று எனக்குத் தோன்றவில்லை. என் மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் பிள்ளைகள் வாரம் முழுக்க இங்கிலீஷில்தான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி போடும் படம்தான் அப்பா அம்மா அல்லாத வேறு வாய்களிலிருந்து அவர்கள் தமிழ் கேட்கும் இரண்டரை மணி நேரம். மதுரைப் பேச்சும் கோவைப் பேச்சும் சென்னைப் பேச்சும் வேறு வேறு என்பது அவர்களுக்குத் தெரியவருவதே அப்படித்தான். வசனம் தெளிவாக இல்லையென்றால் என் மகள் இரண்டு தடவை “என்னப்பா சொன்னான்?” என்று கேட்பாள். மூன்றாவது தடவை ரிமோட்டை எடுத்து சப்டைட்டிலைப் போட்டுவிடுவாள். சப்டைட்டில் வந்துவிட்டால் கண் வாசிக்க ஆரம்பித்துவிடும், காது கடையைச் சாத்திவிடும். உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் டிவிக்குக் கீழே இருக்கும் ஏ.வி. ரிசீவர் ஒரே பெட்டிக்குள் பல வேலைகள் செய்கிறது. எச்.டி.எம்.ஐ. வழியாக வரும் ஒலியைப் பிரிக்கிறது, அறைக்கு ஏற்றபடி திருத்துகிறது, கடைசியில் ஏழு அல்லது ஒன்பது ஸ்பீக்கர்களுக்கும் மின்சாரம் தள்ளுகிறது. இந்த ஏழு, ஒன்பது ஆம்ப்புகளுக்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பவர் சப்ளைதான். கூட்டுக் குடும்பத்தில் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. ஒருத்தர் குளித்தால் தெரியாது, எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

அட்டைப்பெட்டியில் “சேனலுக்கு 100 வாட்” என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏழு சேனலுக்கு 700 வாட் என்று கணக்குப் போடாதீர்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். “8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08% டிஸ்டார்ஷன், 2 சேனல் இயங்கும்போது” என்று இருந்தால் அது நேர்மையான எண். ஆனால் அது இரண்டு சேனலுக்கு மட்டும். “6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், 1 சேனல்” என்று இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடலாம். இந்த வாட் புளுகு புதுசு இல்லை. அதைக் கட்டுப்படுத்தவே அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-ல் ஆம்ப்ளிஃபையருக்கென்று தனி விதி கொண்டுவந்தது.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு அளவுதான். சக்தி இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும், அது காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும்.

என் ஸ்பீக்கர்கள் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 85 டெசிபெல் தருபவை. சோஃபா 4 மீட்டர் தள்ளி இருக்கிறது. இந்த ஊர் வீடுகளில் சமையலறை, டைனிங், ஹால் எல்லாம் ஒரே வெளியாகத்தானே கட்டுகிறார்கள், கூரையும் உயரம். தூரத்துக்கு 12 கழித்து, அறை தரும் உதவிக்கு 3 கூட்டினால் சோஃபாவில் 76 டெசிபெல். அதாவது வெறும் 1 வாட்டில்! சாதாரணமாகப் படத்தில் பேச்சு 65 டெசிபெல் வாக்கில் கேட்டாலே போதும். அதற்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். மெதுவான வால்யூமில் பேச்சு புரியவில்லை என்றால் அது சக்திக் குறைவால் இல்லை. எவ்வளவு பெரிய ஆம்ப் வாங்கி வைத்தாலும் அது மாறாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

மேல்முனையில்தான் கதை வேறு. சினிமா ஒலிக்கான குறிப்பளவில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபெல். அதை என் ஸ்பீக்கரில் என் சோஃபாவில் எட்ட ஏறத்தாழ 800 வாட் வேண்டும். நாங்கள் அதைவிட 9 டெசிபெல் குறைத்துத்தான் பார்க்கிறோம், பிள்ளைகள் காது முக்கியம். அப்போதும் உச்சத்துக்கு 100 வாட் தேவை. அதுவும் முன்னால் உள்ள மூன்று ஸ்பீக்கருக்கும் ஒரே நேரத்தில். என் ஸ்பீக்கர்கள் 4 ஓம் வேறு; அதே வோல்டேஜில் 8 ஓம் ஸ்பீக்கரைவிட இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். ரிசீவர் மூச்சு வாங்குவது இங்கேதான்.

ஆக, காசு செலவழிக்கும் முன் சும்மா செய்யக்கூடியதைச் செய்துவிடுங்கள். வசனத்தில் பெரும்பகுதி வருவது நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரிலிருந்து. அதைத்தான் நாம் டிவி ஸ்டாண்டின் அலமாரிக்குள்ளே, பிள்ளையார் பொம்மைக்கும் வைஃபை பெட்டிக்கும் நடுவே தள்ளி வைத்திருப்போம். வெளியே இழுத்து, முகப்பு அலமாரி விளிம்புக்குச் சமமாக வரும்படி வையுங்கள். ஒரு ரப்பர் கட்டை கொடுத்து உட்கார்ந்திருப்பவர் காதைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. படுக்கைவசமாக இரண்டு வூஃபரும் நடுவில் ஒரு ட்வீட்டரும் உள்ள சென்டர் ஸ்பீக்கர்தான் பெரும்பாலான வீடுகளில். நேர் எதிரே உட்கார்ந்தால் அருமை. ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு வூஃபரின் ஒலியும் காதுக்கு வேறு வேறு நேரத்தில் வந்து, 1,000 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ல, ள, ழ மூன்றையும் காது பிரித்து அறியத் தேவையான தகவலில் ஒரு முக்கியப் பங்கு அந்தப் பகுதியை ஒட்டித்தான் இருக்கிறது. நாமோ நடு சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, தமிழ் கற்றுக்கொள்ளும் பிள்ளையை ஓரத்தில் உட்கார வைக்கிறோம்! எங்கள் வீட்டில் இப்போது நடு சீட் பிள்ளைகளுக்கு.

அடுத்து செட்டிங்ஸ். எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ என்று போட்டு 80 ஹெர்ட்ஸில் வெட்டி, அதற்குக் கீழே உள்ளதை சப்வூஃபரிடம் விட்டுவிடுங்கள். சப்வூஃபருக்குச் சொந்த ஆம்ப் உண்டு, ரிசீவரின் பாரம் சட்டென்று குறையும். சென்டரை 2 அல்லது 3 டெசிபெல் ஏற்றுங்கள். ராத்திரி என்றால் டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷனைப் போடுங்கள், வெடிச்சத்தம் தணிந்து பேச்சு மேலே வரும். எண்பதுகளின் படங்கள் பெரும்பாலும் மோனோ. அவை இரண்டு சேனலாக வரும்போது டால்பி சரவுண்ட் மோடைப் போட்டால் பேச்சு சென்டருக்கு வந்து உட்காரும். ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பாவுக்கு எழுபது வயது தாண்டியாச்சு, வயதோடு மேல் அலைவரிசைகள் கேட்பது குறைந்துவிட்டது. அவருக்கு உதவியது அந்த 3 டெசிபெல்தான், ஆம்ப் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் எங்கள் வீட்டில் ஒரு குறை பாக்கி இருந்தது. சத்தமான காட்சிகளில், பின்னணி இசையும் கூட்டமும் சேரும்போது குரல் கரகரத்தது. ரிசீவரின் மேல்தகட்டில் கை வைக்க முடியாத சூடு. ஒரு தடவை க்ளைமாக்ஸில் தானே அணைந்துபோனது, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் வேலை. 4 ஓம் ஸ்பீக்கர், பெரிய ஹால், 4 மீட்டர் தூரம், மூன்றும் சேர்ந்த வீடு இது. அப்போதுதான் தனி ஆம்ப் நியாயமானது என்று முடிவு செய்தேன். 8 ஓம் ஸ்பீக்கரோடு சின்ன அப்பார்ட்மென்டில் 2 மீட்டரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது வேண்டவே வேண்டாம்.

வாங்கும் முன் உங்கள் ரிசீவரின் பின்பக்கம் ‘ப்ரீ-அவுட்’ என்ற துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சப்வூஃபருக்கு மட்டும் இருந்தால் போதாது. முன் மூன்று சேனலுக்கும் இருக்க வேண்டும். விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் இருக்காது. அப்படியென்றால் ஆம்ப் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு ரிசீவரை மாற்றும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது மூன்று சேனல் ஆம்ப். இடது, சென்டர், வலது மூன்றும் அதற்கு. சரவுண்டும் கூரை ஸ்பீக்கர்களும் ரிசீவரிடமே. ஏழு சேனலுக்கும் வாங்கத் தேவையே இல்லை. ஆம்ப்பில் இரண்டு ஜாதி. ஏ.பி. வகை கனமானது, சூடாகும், உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர். டி வகை சின்னது, மின்சாரத்தை வீணாக்காது. நெதர்லாந்தின் ஹைபெக்ஸ், டென்மார்க்கின் ப்யூரிஃபை போன்றவர்கள் செய்யும் மாட்யூல்களைக் கொண்டு சின்னச் சின்ன நிறுவனங்கள் நல்ல பெட்டிகள் தருகின்றன. “டி வகை என்றால் சத்தம் மெலிசு” என்பது பழைய கதை.

இணைப்பது அரைமணி வேலை. எல்லாவற்றையும் அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ப்ரீ-அவுட்டிலிருந்து ஆர்.சி.ஏ. கேபிள் ஆம்ப்புக்கு, ஸ்பீக்கர் வயர் ரிசீவரிலிருந்து கழற்றி ஆம்ப்புக்கு. சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. 12 வோல்ட் டிரிகர் இருந்தால் ஒரு சின்ன வயரைச் செருகுங்கள், ரிசீவரைப் போட்டதும் ஆம்ப் தானே எழுந்துகொள்ளும். முடித்ததும் மைக் வைத்து அறை அளவீட்டைக் கட்டாயம் திரும்ப ஓட்டுங்கள். புது ஆம்ப்பின் பெருக்கம் ரிசீவருடையதைப் போல இருக்காது, அளக்காவிட்டால் முன் மூன்றும் பின் நாலும் சண்டை போடும்.

‘உம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வந்தால் அது கிரவுண்ட் லூப். ரிசீவரையும் ஆம்ப்பையும் சப்வூஃபரையும் முடிந்தவரை ஒரே சுவர் ப்ளக்கிலிருந்து எடுங்கள். டிவிக்கு வரும் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள், பாதி நேரம் குற்றவாளி அதுதான். ப்ளக்கின் மூன்றாவது காலை மட்டும் வெட்டாதீர்கள். இணையத்தில் சிலர் சொல்வார்கள். அது உயிர் காக்கும் கால்.

பலன் என்ன? மெதுவான வால்யூமில் எந்த வித்தியாசமும் இல்லை. மனைவியைத் திரும்பி உட்கார வைத்து மாற்றி மாற்றிப் போட்டேன், அவளால் சொல்ல முடியவில்லை. வழக்கமான வெள்ளிக்கிழமை வால்யூமில் சண்டைக்காட்சி போட்டபோது உடனே சொன்னாள்: “இதுல அவன் கத்துறது வார்த்தையா கேக்குது.” அதிகச் சத்தம் கிடைத்ததால் இல்லை. 90 வாட்டிலிருந்து 200 வாட்டுக்குப் போனால் கூடுவது மூன்றரை டெசிபெல்தான். உச்சத்தில் அலையின் தலை வெட்டுப்படாமல் வருகிறது, அவ்வளவே. ரிசீவர் இப்போது வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறது. சப்டைட்டில் இல்லாமல் மகள் முழுப்படம் பார்ப்பது இப்போது நடக்கிறது. அதில் நடு சீட்டுக்கு எவ்வளவு பங்கு, ஆம்ப்புக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் நான் நடு சீட்டுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆம்ப்பின் காற்றுத் துளைகள் உண்டியல் மாதிரி. காசு, க்ரேயான், லெகோ எல்லாம் உள்ளே போகும். மேலே நாலு விரல் இடைவெளி விட்டு, கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள். ஊர் மாறும் யோசனை இருப்பவர்கள் வோல்டேஜைப் பாருங்கள்: அமெரிக்காவிலும் கனடாவிலும் 120, லண்டனிலும் சென்னையிலும் 230. மாற்றும் வசதி இல்லாத ஆம்ப்பை அங்கே நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. பழையது வாங்குவதானால் நல்ல ஏ.பி. ஆம்ப்புகள் மலிவாகக் கிடைக்கும். விற்பவர் வீட்டிலேயே ஒவ்வொரு சேனலாக ஸ்பீக்கர் மாட்டிப் பாட்டுப் போட்டுக் கேட்டுவிடுங்கள். தூக்க இன்னொரு ஆளையும் கூட்டிப்போங்கள், 25 கிலோ வரை இருக்கும்.