நாகபட்டினத்து விகாரையும் எமது தொல்லியல் அச்சமும்

தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டதுமே ஈழத்தமிழருக்கு அச்சம் எழுகிறது. அதற்குக் காரணம் உண்டு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. புத்தர் சிலை ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டால் நிலம் பறிபோய்விடும் என்று மக்கள் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தின் விளைவாக, பௌத்தச் சின்னம் எதுவாயினும் அது எமதல்ல என்று ஒதுக்கும் வழக்கமும் எம்மிடையே வேரூன்றிவிட்டது. இவ்வழக்கம் வரலாற்றுக்கு ஒவ்வாதது என்பதை நாகபட்டினத்துச் சூடாமணி விகாரையைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் எடுப்பித்த பள்ளி இது. முதலாம் இராஜராஜன் தனது 21ஆம் ஆட்சியாண்டில் (1005-06) ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை இதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். தஞ்சையில் சிவனுக்குப் பெருங்கோயில் எழுப்பிய அதே அரசன்தான். 1025இல் அவன் மகன் இராஜேந்திரன் கடாரத்தின்மீது படையெடுத்தான். ஆயினும் விகாரை அழியவில்லை. 1090இல் முதலாம் குலோத்துங்கன் அதன் ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். பிற்காலத்தில் டச்சுக்காரர் கைக்குப் போய் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்த செப்பேடுகள் இவற்றைக் கூறுகின்றன.

வால்டர் எலியட் 1846இல் அங்கு சென்றபோது செங்கல்லாலான மூன்று நிலைக் கோபுரம் ஒன்று எஞ்சியிருந்தது. கப்பலோட்டிகளுக்கு அது கரைகாட்டும் அடையாளம். புதுவெளிக் கோபுரம், சீனக் கோபுரம், கறுப்புக் கோபுரம் எனப் பல பெயர்கள் வழங்கின. நிலஅளவைப் படத்திலோ அது சமணக் கோபுரம். கட்டியவரின் நினைவு ஊரில் அற்றுப்போனபின், கண்டவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் இட்டனர். அவ்விடத்தில் அமர்ந்த இயேசு சபையார் அதை இடிக்க அனுமதி கோரினர். 1867இல் அரசு இசைந்தது. கோபுரம் மறைந்தது.

நிலத்துக்குள் இருந்தவை அதற்கு முன்பே வெளிவரத் தொடங்கியிருந்தன. 1856இல் ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோது அடியில் ஐந்து படிமங்கள் அகப்பட்டன. ஒன்றின் பீடத்தில் தமிழ் எழுத்துகள் இருந்தன. 1930கள் வரையில் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் அந்நகரில் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த டி. என். இராமச்சந்திரனின் நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1954இல் வெளியிட்டது. அவர் பெரிதும் வடிவமைதியையும் எழுத்தமைதியையும் கொண்டே காலம் கணிக்கவேண்டியிருந்தது. ஒரு படிமம் எந்த மண்ணடுக்கில், எந்தச் சுவரருகே, எந்த ஓட்டுச்சில்லோடு கிடந்தது என்ற பதிவு இருந்திருந்தால் அவ்விகாரையில் வாழ்ந்தோரின் கதையே எமக்குக் கிடைத்திருக்கும். பொருள் தப்பியது, அதன் சூழல் அழிந்தது.

நாம் வாழும் ரொறொன்ரோவில் 2015இல் நடந்ததை இதனோடு ஒப்பிடலாம். புதிய நீதிமன்றம் கட்டுவதற்கு முன் நகர நடுவே ஒரு வாகனத் தரிப்பிடத்தை அடுக்கடுக்காக அகழ்ந்தனர். அமெரிக்க அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பினத்தவரின் தேவாலய அத்திவாரமும், பின்னர் அங்கு குடியேறியோரின் அன்றாடப் பொருட்களும் வெளிவந்தன. ஒரே நிலத்தில் பலர் அடுத்தடுத்து வாழ்ந்ததை முறையான அகழ்வு காட்டிவிடும். அதை ஒருவருக்கே உரியதெனச் சொல்வது கடினமாகிவிடுகிறது.

எமது மண்ணிலும் சான்று உண்டு. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை சோழருக்கு முந்தியது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அதை இராஜராஜப் பெரும்பள்ளி என்கின்றன. தமிழர் அதற்கு விளக்கும் பசுவும் தானம் செய்திருக்கின்றனர். பௌத்தம் என்றால் சிங்களம் என்ற சமன்பாட்டை இக்கற்களே மறுக்கின்றன. ஆனால், இதைக் காட்டி அவ்விடம் முழுவதும் தமிழருக்கே உரியது என வாதிடுவதும் அதே சமன்பாட்டைத் தலைகீழாக்குவதாகவே முடியும்.

ஆகவே அகழ்வையே எதிர்ப்பது எமக்கு உதவாது. குழி திறந்திருக்கும்போதே தமிழ்க் கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவர் அங்கு நிற்கவேண்டும். சிவலிங்கமும் புத்தர் பாதமும் ஒரே கவனத்தோடு பதியப்படவேண்டும். முழு அறிக்கை மும்மொழியிலும் வெளிவரவேண்டும். புலத்திலுள்ள கல்வியாளர் எழுப்பவேண்டிய கோரிக்கை இதுவே. நாம் வாசிக்க மறுக்கும் சின்னத்துக்கு வேறொருவர் பெயரிட்டுவிடுவர். நாகபட்டினத்தில் நடந்தது அதுவே.