வகுப்பறையில் நாவல்

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானிலிருந்து புருவாஸ் செல்லும் வழியில் அமைந்துள்ள சிற்றூர் ஆயர் தாவார். மலாய் மொழியில் அப்பெயருக்கு உப்பற்ற நன்னீர் என்பது பொருள். ஒரு காலத்தில் அவ்வட்டாரத்தில் பால்மரத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. இன்று செம்பனையே மிகுதி. லயத்து வீடுகளில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாமான்களில் வளர்கின்றனர். இடைநிலைப் பள்ளியில் தமிழ் இலக்கியத்தைப் பாடமாக ஏற்கும் மாணவர் கையில் ஒரு நாவல் கொடுக்கப்படுகிறது. அதை அவர் படிக்கிறாரா என்பதே கேள்வி.

தமிழ் இலக்கியம் எஸ்.பி.எம். தேர்வில் கட்டாயப் பாடம் அன்று, விரும்பி எடுப்பது. 2009ஆம் ஆண்டில், மாணவர் 10 பாடங்களுக்கு மேல் எழுதலாகாது என்ற வரம்பு அறிவிக்கப்பட்டபொழுது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் கைவிடப்பட்டுவிடும் என்ற அச்சம் எழுந்தது. சமூகத்தின் எதிர்ப்புக்குப் பின்னரே அவ்விரண்டையும் கூடுதலாக எழுத வழி பிறந்தது. இவ்வாறு போராடிக் காத்த பாடத்தில், கதைச்சுருக்கத்தையும் பாத்திரப் பண்புகளையும் வழிகாட்டி நூலிலிருந்து நெட்டுருச் செய்து, நாவலைத் திறவாமலே தேர்வெழுதிவிட முடியும் என்பது வருந்தத்தக்கது. இதற்கு மாணவரை மட்டும் குறை கூறுவதில் பயனில்லை. முதல் நாளிலேயே 'கதைக்கரு யாது, படிப்பினை யாது' என்று வினவும் பாடத்திட்டம் அவரை அந்த வழிக்கே துரத்துகிறது.

ஆகவே நாவல் பாடத்தைத் திட்டமிடும் ஆசிரியர் முதலில் காக்க வேண்டியது மாணவரின் முதல் வாசிப்பை. முடிவு தெரியாமல் ஒரு கதைக்குள் நுழைவது ஒருமுறைதான் வாய்க்கும். வழிகாட்டி நூல் முந்திக்கொண்டால் அது மீளாது.

எடுத்துக்காட்டாக அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' என்னும் நாவலைக் கொள்ளலாம். 'சித்திரப்பாவை'க்காக ஞானபீடப் பரிசு பெற்ற அகிலன், 1975இல் மலேசியாவுக்கு வந்து தோட்டங்களைக் கண்டு சென்று எழுதியது அது. பாடநூலாக வேறொரு நாவல் அமைந்தாலும் முறை இதுவே.

காலக் கணக்கு எளிது. 250 பக்க நாவலை 10 வாரங்களில் முடிப்பதாயின், வாரத்துக்கு 25 பக்கம். பக்கத்துக்கு 2 நிமிடம் என்று கொண்டால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவே. தமிழ் நாவல்கள் பலவும் வார இதழ்களில் தொடராக வெளிவந்தவை. ஆவலைத் தூண்டிவிட்டு நிறுத்துவது அவற்றின் இயல்பு. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்காக 1950 முதல் 1954 வரை வாசகர்கள் வாரந்தோறும் காத்திருந்தனர். வகுப்பறையும் அந்தக் காத்திருப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம். முதல் அத்தியாயத்தை ஆசிரியரே, இடையில் விளக்கம் எதுவும் புகுத்தாமல், ஒரு பாடவேளை முழுதும் உரக்கப் படிக்கட்டும். சுவையான இடத்தில் நூலை மூடிவிடட்டும். அடுத்து என்ன நிகழும் என்று மாணவர் எழுதித் தரும் நான்கு வரிகள், எந்தப் பயிற்சித் தாளையும்விட அவர்கள் எவ்வளவு உணர்ந்தனர் என்பதைக் காட்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து சொற்கள் தடையாகத் தொடங்கும். பிரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால், கிராணி, ஆயாக் கொட்டகை போன்றவை தோட்டத்துத் தமிழில் வழங்கிய சொற்கள். பள்ளி அகராதியில் இவற்றைத் தேடிக் களைப்பதைவிட, வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியைக் கேட்பது மேல். அதிகாலைப் பிரட்டில் யார் பெயர் கூப்பிடுவார்? ஒரு நிரைக்கு எத்தனை மரம்? மங்கில் உறைந்துபோன பாலை என்ன செய்வார்கள்? இத்தகைய கேள்விகளை எழுதிக்கொண்டு ஒவ்வொரு மாணவரும் ஒரு முதியவரிடம் சென்று வருவது இப்பாடத்தின் நடுநாயகமான பணியாக அமையத்தக்கது. ஆயர் தாவாரில் இதற்குரிய முதியோர் இன்னும் உள்ளனர்; ஆண்டுக்கு ஆண்டு குறைந்தும் வருகின்றனர்.

இது சொற்பொருள் அறிவதோடு நிற்பதன்று. மழையை எடுத்துக்கொள்வோம். தஞ்சைக் கிராமத்தை வைத்து எழுதப்பட்ட நாவலில் மழை பெய்தால் அது மகிழ்ச்சி. பால்மரத் தோட்டத்தில் விடியற்கால மழை என்பது கூலி போன நாள். பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாது வழிந்து சிதறும். மங்கில் சேர்ந்ததும் நீரோடு கலந்து கெடும். அவ்வாறே, பாத்திரங்கள் இருட்டில் எழுந்து காட்டுக்குச் செல்வது கதாசிரியரின் அலங்காரம் அன்று. குளிர்ந்த வேளையில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் தளரும். தாய் குழந்தையைத் தூக்கத்தோடு தூக்கிச் சென்று ஆயாக் கொட்டகையில் விட்டதன் காரணம் இந்த மரத்தின் இயல்பில் இருக்கிறது. இதை அறிந்த மாணவருக்கு ஒரு பக்கம் முழுதும் வேறாகத் தெரியும். நூலின் பொருள் ஏட்டில் மட்டும் இல்லை, படிப்பவரின் வாழ்வனுபவம் அதைச் சந்திக்கும்பொழுது பிறக்கிறது என்று அமெரிக்கக் கல்வியாளர் லூயீஸ் ரோசன்பிளாட் 1938இல் எழுதியதன் கருத்தும் ஏறத்தாழ இதுவே.

ஏழாம் வாரமளவில் மாணவர் நாவலை எடைபோடவும் தொடங்கலாம். அகிலன் விருந்தினராக வந்து கண்டவர். அவர் கண்ணில் பட்டது எது, படாமற் போனது எது? மலாயாவிலேயே வாழ்ந்து தோட்டத் தொழிலாளர் வாழ்வை எழுதிய கா. பெருமாளின் 'துயரப் பாதை'யிலிருந்து ஓர் அத்தியாயத்தை அருகே வைத்துப் படித்தால் இக்கேள்வி கூர்மை பெறும். முதியவர் சொன்னதும் நாவல் சொல்வதும் முரண்பட்டால், வகுப்பில் நல்லதொரு வாதம் கிளம்பும். முதியோரின் நினைவும் பிழைபடக்கூடும் என்பதை மாணவர் அறிவதும் கல்வியே. ஞானபீடப் பரிசு பெற்றவரைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் குறை சொல்வதா என்று தயங்கும் ஆசிரியர்கள் உண்டு. அந்தத் தயக்கத்திற்கு இடம் கொடுத்தால் மாணவர் மீண்டும் வழிகாட்டி நூலின் மொழியிலேயே பேசத் தொடங்குவர்.

பின்னணி, உத்தி, மொழிநடை, படிப்பினை ஆகிய தேர்வுத் தலைப்புகளை ஒதுக்கிவிட இயலாது. அவற்றிற்குக் கடைசி இரண்டு வாரங்கள் போதும். முன்னரே தாம் எழுதிய ஊகங்கள், முதியோரிடம் கேட்ட குறிப்புகள், வாதங்கள் ஆகியவற்றிலிருந்தே விடைக்கான சான்றுகளை மாணவர் எடுத்துக்கொள்வர். அவரவர் விடை அவரவர் சொல்லில் இருக்கும். திருத்தும் ஆசிரியருக்கும் சலிப்பு குறையும்.

முதியோரிடமிருந்து திரட்டிய சொற்களை, சொன்னவரின் தோட்டப் பெயரோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பள்ளி நூலகத்தில் வைப்பது நன்று. அடுத்த ஆண்டு நாவல் மாறினாலும் அக்குறிப்பேடு மாறாது. புதிய வகுப்பு விடுபட்ட சொற்களை அதில் சேர்த்துக்கொள்ளும்.