குட்டி யானையா, பெரிய யானையா?

வண்டி வாங்கப் போவதாக வெளியே சொல்லவே கூடாது. சொன்னால் போச்சு! டீக்கடையில் ஒருத்தர் மைலேஜ் சொல்வார். சலூனில் ஒருத்தர் ரீசேல் வேல்யூ சொல்வார். சம்பந்தமே இல்லாத ஒருத்தர், ‘கறுப்புக் கலர் மட்டும் வேண்டாம் தம்பி’ என்பார். காருக்கே இந்தப் பாடு என்றால், பாதி கார், பாதி லாரி என்று பிக்-அப் வாங்குகிறவன் கதி? கார்க்காரர்களும் புத்தி சொல்வார்கள், லாரிக்காரர்களும் புத்தி சொல்வார்கள்.

என் அக்காவைக் கட்டியவர் சத்தியமங்கலத்தில் பந்தல், சவுண்டு சர்வீஸ், சீரியல் லைட் எல்லாம் வைத்து நடத்துகிறார். இத்தனை வருஷமாக வாடகை வண்டியில் காலம் தள்ளியவருக்குப் போன சீஸனில் சொந்த வண்டி ஆசை வந்துவிட்டது. குடும்பத்தில் பி.காம். படித்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் கணக்குப் பார்க்க அழைப்பு. (பி.காம். படித்தவனுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். இன்ஜின் தெரிந்தவர்களுக்கு வட்டி தெரிவதில்லையே!)

“ரெண்டே ரெண்டுதான் மாப்ள. ஒண்ணு, குட்டி யானை. இல்லாட்டி ஒரேயடியா பெரிய பிக்-அப். நடுவுல எதுவும் வேண்டாம்” என்றார் மச்சான்.

குட்டி யானை என்றால் டாடா ஏஸ். 2005-ல் அது வந்தபோது இரண்டு சிலிண்டர், 700 சி.சி. டீசல் இன்ஜின், 16 குதிரைசக்தி. ஸ்கூட்டர் இன்ஜினோடு அக்கா தங்கை முறை! ஆனாலும் மூன்று சக்கர வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்களை அதுதான் நான்கு சக்கரத்துக்குத் தூக்கிவிட்டது. சந்து பொந்தெல்லாம் திரும்பும். முக்கால் டன் அதற்கு அளவு. நம்ம ஆட்கள் ஒன்றரை டன் ஏற்றுவது யானையின் குற்றமல்ல.

பெரிய யானை என்று மச்சான் சொன்னது இஸுஸு வி-கிராஸையும் டொயோட்டா ஹைலக்ஸையும். இஸுஸு நமக்குப் பக்கத்திலேயே, ஆந்திர எல்லை ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. ஹைலக்ஸ் 2022-ல் இந்தியாவுக்கு வந்தது. 2.8 லிட்டர் இன்ஜின், 204 குதிரைசக்தி. தாய்லாந்தில் இந்த ரக வண்டியில்தான் குடும்பத்தோடு கடைத்தெருவுக்கும் போவார்கள், வயலுக்கும் போவார்கள். பார்க்க ராஜா மாதிரிதான் இருக்கிறது. விலையும் ராஜ விலை. இருபது லட்சத்தைத் தாராளமாகத் தாண்டும்.

“பந்தல் போடறவருக்கு இது எதுக்குங்க மச்சான்?”

“ஜெனரேட்டரை யாரு இழுக்கிறது?”

அங்கேதான் விஷயமே இருக்கிறது. மச்சானிடம் ஒரு டீசல் ஜெனரேட்டர் உண்டு. இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றிப் பூட்டியிருக்கிறது. டிரெய்லரோடு சேர்த்து ஒரு டன்னுக்கு முன்னே பின்னே வரும். அதைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு தாளவாடி கல்யாணத்துக்குப் போக வேண்டுமாம். நடுவில் திம்பம். 27 கொண்டை ஊசி வளைவு!

பாரத்தை இழுப்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. முதல் கியரில் முக்கி முனகியாவது எந்த இன்ஜினும் மேலே கொண்டு சேர்த்துவிடும். இறங்குவதுதான் கஷ்டம். பின்னாலிருக்கிற ஒரு டன் முன்னாலிருக்கிற வண்டியைத் தள்ளும். வளைவில் பிரேக் மிதித்தால் வண்டி நிற்கப் பார்க்கும், டிரெய்லர் நிற்காமல் பக்கவாட்டில் மடங்கும். ‘ஏறின கியரிலேயே இறங்கு’ என்று லாரி டிரைவர்கள் சொல்வது வேத வாக்கு. டிரெய்லரில் பாரத்தை அடுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் வால் ஆட ஆரம்பித்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் இந்தப் பெரிய பிக்-அப்புகளுக்கு 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். மச்சான் இதைப் படித்துவிட்டுத்தான் குதித்தார். அடுத்த வரியை அவர் படிக்கவில்லை. அந்த 3,500 கிலோ, டிரெய்லருக்குத் தனியாக பிரேக் இருந்தால்தான். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோ. அவ்வளவுதான்!

“உங்க டிரெய்லருக்கு பிரேக் இருக்குங்களா?”

“கல்லு வெச்சா நிக்கும்” என்றார்.

ஆக, ராஜ விலை கொடுத்து வாங்கினாலும் மச்சானின் ஜெனரேட்டரை முறைப்படி அது இழுக்கக் கூடாது. போதாக்குறைக்கு டிரெய்லருக்கும் தனி ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். நான் அவருடைய ஆர்டர் டைரியை வாங்கிப் புரட்டினேன். போன வருஷம் ஜெனரேட்டர் மலை ஏறியது மொத்தம் நான்கு நாள். நான்கு நாளுக்கு இருபது லட்சமா?

மச்சான் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ‘சரி, அப்போ குட்டி யானையே போதும்’ என்றார். ஃபைனான்ஸ் ஆளும் தயாராக வந்திருந்தார். “ஆறு லட்சம் சார், அஞ்சு வருஷம், வெறும் எட்டு பர்சென்ட்!”

‘வெறும்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உதறல். அந்த எட்டு, ஃப்ளாட் வட்டி. அதாவது, அசல் குறையக் குறைய வட்டி குறையாது. ஆறு லட்சத்துக்கு ஐந்து வருஷத்தில் 2,40,000 வட்டி. மாதத் தவணை 14,000. குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று பாங்க் முறையில் போட்டால் இது 14 பர்சென்டுக்கு மேலே போகிறது. ஃபைனான்ஸ் ஆளிடம் கேட்டேன், “நீங்க காமர்ஸா சார்?” என்று மட்டும் கேட்டார். நீங்களும் கேளுங்கள். ‘ஃப்ளாட்டா, குறையற வட்டியா?’ என்ற ஒரே கேள்வி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, தவணை உண்டு. ஆடியில் அம்மன் கோயில் மைக்செட்டாவது இருக்கிறது, மார்கழியில் காலை நாலு மணிப் பாட்டுக்கு என்ன பெரிதாகக் கொடுத்துவிடப் போகிறார்கள்?

மற்றச் சட்ட திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரத்தோடு மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டாம். 7,500 கிலோ வரை கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன பெஞ்ச் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எஃப்.சி. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கொரு முறை, அப்புறம் வருஷா வருஷம். ஓவர்லோடுக்கு 2019 திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. ஜி.எஸ்.டி. நம்பர் உள்ளவர்கள் சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். டபுள் கேபின் என்றால் மட்டும் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இத்தனையும் பேசி முடித்த பிறகுதான் அக்கா உள்ளேயிருந்து வந்தாள். காபியை வைத்துவிட்டு, “பசங்க நாலு பேரு எங்க உட்காருவாங்க?” என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. ஷோரூமிலும் யாரும் கேட்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பந்தல் பிரித்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து தூங்கி விழுந்துகொண்டே வருகிறார்களே, அந்த நாலு பையன்கள்! சரக்கு வண்டியில் சும்மா ஏறிக்கொண்டு போகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று சுப்ரீம் கோர்ட் 2002-லேயே சொல்லிவிட்டது. ‘சும்மா ஏறலை, என் வேலையாள்’ என்று காட்டலாம்தான். தினக்கூலி, ரிஜிஸ்டர் கிடையாது, எதை வைத்துக் காட்டுவது? அது கூட அப்புறம். நாலு பேருக்கும் அம்மா இருக்கிறாள், ஒருத்தனுக்குப் போன தையில்தான் கல்யாணம். குட்டி யானையில் டிரைவரோடு சேர்த்து இரண்டு பேர். மீதி மூன்று பேர் பெட்டிமேல்தான்.

அதனால், மச்சான் ‘நடுவுல வேண்டாம்’ என்று தள்ளிய வண்டிகளைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலீரோ பிக்-அப். ஒன்றேகால் டன் அனாயாசமாகத் தூக்கும். ஆனால் சீட் கணக்கு உதைத்தது. கடைசியில் நின்றது பொலீரோ கேம்பர். முன்னால் இரண்டு, பின்னால் மூன்று, அதற்குப் பின்னால் தொட்டி. டிரைவரும் நாலு பையன்களும் சரியாக அடக்கம். முகூர்த்தம் இல்லாத நாளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம், பண்ணாரி அம்மன் கோயில்.

குறை இல்லாமல் இல்லை. கேபின் நீண்டால் தொட்டி குட்டையாகிவிடும். சவுக்குக் கம்புகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். காலியாகப் போனால் பின்னால் பட்டை பட்டையாக அடுக்கின லீஃப் ஸ்பிரிங் தூக்கித் தூக்கிப் போடும், முதுகுவலிக்காரர்கள் முன்சீட்டுக்குத் துண்டு போட்டுவிடுங்கள். பெரிய பந்தல் நாளில் கம்புக்கென்று ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடிப்பதாக ஏற்பாடு. ஜெனரேட்டர், உள்ளூர் என்றால் டிராக்டரில் போகும். தாளவாடி என்றால் லாரியில் ஏற்றிக் கயிறு கட்டிவிடுவது. நான்கு நாள் லாரி வாடகை, இரண்டு மாதத் தவணைகூட ஆகாது.

கலர்? வெள்ளை. பின்சீட்டில் ஸ்பீக்கர் பெட்டி வைக்க மாட்டேன் என்று மச்சானிடம் அக்கா எழுதியே வாங்கிவிட்டாள். சாட்சிக் கையெழுத்து நான்.