வெடித்தால் மட்டும் கிடைக்கும் ஆதாரம்

இணையத்தில் நம் ஊர் – 7

தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக எழுத வருகிறவர்களில் பலர் முதலில் தேடிப்போவது சொந்த ஊரின் பக்கத்தை. விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணைக்காரர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கோயில் கொடை எப்போது, கண்மாய் எந்த வருஷம் உடைந்தது, முதல் தீப்பெட்டி ஆபீஸ் எந்தத் தெருவில் வந்தது என்று அவரிடம் கேட்டால் நிறுத்தாமல் சொல்வார். அதையெல்லாம் எழுதிச் சேமித்துவிட்டு மறுநாள் வந்து பார்த்தால், வரிக்கு வரி ‘மேற்கோள் தேவை’ என்று வாலில் ஒட்டியிருக்கும். “என் ஊருக்கு நானே ஆதாரம் இல்லையா?” என்று கோபம் வரத்தான் செய்யும்.

இல்லை என்பதுதான் அங்கே விதி. நாளைக்கு டொராண்டோவில் இருக்கும் ஒருவர் அந்த வரி சரியா என்று பார்க்க நினைத்தால் எதைத் திறப்பார்? ஊர்க்காரரின் ஞாபகத்தைத் திறக்க முடியாது. அச்சில் வந்த, எழுதியவரைத் தவிர இன்னொருவரும் பார்த்து வெளியிட்ட ஏதோ ஒன்று வேண்டும்.

சரி, ஏழாயிரம்பண்ணைக்கு அப்படி என்ன இருக்கிறது? செய்தித்தாள்களில் ஊர்ப் பெயரைத் தேடினால் வந்து விழுபவை பெரும்பாலும் பட்டாசு ஆலை விபத்துகள். வெடித்தால்தான் நிருபர் வருகிறார். ஆதாரம் உள்ளதை மட்டும் எழுது என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, கையில் கிடைத்த செய்திகளை மட்டும் வைத்து எழுதினால், ஒரு ஊரின் பக்கம் சாவுக் கணக்காக முடிந்துபோகும். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருக்கும், ஊர் இருக்காது. விதிமுறை வகுப்புகளில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அந்தச் செய்திகளையும் நிதானமாகத்தான் எடுக்க வேண்டும். 2021 பிப்ரவரி 12 அன்று பக்கத்திலுள்ள அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் அன்று மாலை சொன்ன எண்ணிக்கை நிற்கவில்லை. தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர்களும் அடுத்தடுத்து இறக்க, அது ஏறிக்கொண்டே போனது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்துக்கு 38 என்றும் 40 என்றும் இன்றுவரை எழுதுகிறார்கள். முதல் நாள் செய்தியை மேற்கோள் காட்டுவதைவிட, மாதங்கள் கழித்து வந்த விசாரணை அறிக்கையைக் காட்டுவது நல்லது. இன்னொன்று: போலீஸ் வழக்குப் பதிந்தது என்றால் குற்றம் உறுதியானது என்று அர்த்தமில்லை. உயிரோடிருப்பவரின் பெயரை அந்த வரியில் சேர்க்கும் முன் பத்து முறை யோசிக்கலாம், சேர்க்காமலே விடலாம்.

சிவகாசி என்றதும் ‘குட்டி ஜப்பான்’ என்று நேரு சொன்னதாக ஒரு வரி கூடவே வரும். எந்த ஆண்டு, எந்தக் கூட்டத்தில் என்று கேட்டால் எழுதியவர்கள் பெரும்பாலும் இன்னொரு கட்டுரையைக் காட்டுவார்கள். நாட்டின் பட்டாசில் 90 சதவீதம் இங்கேதான் என்ற கணக்கும் இதே ரகம். கலைக்களஞ்சியத்தைப் பார்த்துப் பத்திரிகை எழுத, அந்தப் பத்திரிகையைக் காட்டிக் கலைக்களஞ்சியம் தன்னை நியாயப்படுத்திக்கொள்கிற வேடிக்கை உலகம் முழுக்க நடக்கிறது.

விபத்தைத் தாண்டித் தேட வேண்டுமென்றால் பழைய மாவட்டப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். விருதுநகர் தனி மாவட்டமானது 1985இல். அதற்கு முன் ராமநாதபுரம். 1910க்கு முன் இந்தப் பக்கமெல்லாம் திருநெல்வேலிச் சீமை. ஆகவே கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றிலும், பேட் தொகுத்த 1917ஆம் ஆண்டு கெசட்டியரிலும் தேட வேண்டும். கட்டபொம்மனோடு நின்றதற்காக 1799இல் நாகலாபுரம் முதலியவற்றோடு ஏழாயிரம்பண்ணைப் பாளையமும் பறிமுதலானது பழைய ஏடுகளில் பதிவான செய்தி. கால்டுவெல் எழுதியது கும்பெனி ஆவணங்களை வைத்து என்பதால், அவர் தீர்ப்பை நம் தீர்ப்பாக எழுதாமல் ‘என்கிறார் கால்டுவெல்’ என்று அவர் தலையிலேயே வைத்துவிட வேண்டும்.

இந்த இரண்டு நூல்களையும் வரிவரியாக எடுத்துப் போட்டாலும் சட்டம் தடுக்காது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டும், அரசு வெளியீடு என்றால் வெளியாகி 60 ஆண்டும் கடந்தால் போதும். கால்டுவெல் இறந்தது 1891இல். ஆனால் அவர் நூலைப் போன தலைமுறையில் யாராவது தமிழில் பெயர்த்திருந்தால் அந்தத் தமிழ் வாக்கியங்கள் பெயர்த்தவருடையவை. புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். பாளையம் பறிமுதலான செய்தி யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொன்ன வாக்கியம் சொன்னவருக்குச் சொந்தம். கீழே அடிக்குறிப்புப் போட்டுவிட்டதால் மேலே நான்கு பத்தியை அப்படியே ஒட்டலாம் என்று ஆகாது. ஒரு வார்த்தை மாற்றி ஒரு வார்த்தை வைப்பதும் ஒட்டுவதுதான். படித்துவிட்டு மூடி வைத்து, சொந்த நடையில் எழுதுவதே வழி.

நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இப்படி எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்ற பிரிவு உண்டு. சரவெடியையும் பேரியம் உப்பையும் தடுத்த 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்த வட்டாரத்துப் பிழைப்பையே உலுக்கியது. தீர்ப்பின் வாசகத்தை யாரும் எடுத்தாளலாம். சட்ட இதழ்கள் தாங்களே எழுதிச் சேர்க்கும் தலைக்குறிப்புகளை எடுக்கக் கூடாது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007இல் அதே நீதிமன்றம் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டது.

அச்சில் ஏறாத கண்மாய்க் கதையை என்ன செய்வது? 2011இல் அச்சல் பிரபாலா என்ற பெங்களூர்க்காரரும் நண்பர்களும் மலையாளம், இந்தி, ஆப்பிரிக்காவின் வட சோத்தோ மொழிகளில் வாய்மொழிப் பேட்டிகளைப் பதிவுசெய்து மேற்கோளாக்கிப் பார்த்தார்கள். விக்கி உலகம் அதை இன்னும் முழு மனதோடு ஏற்கவில்லை. என்னைக் கேட்டால் தவறு அதன் பக்கம்தான். அதுவரை உள்ளூர்க் கல்லூரி மாணவர் ஒருவர் ஆய்வேடாக எழுதினால், அது ஒரு பிடி.

கடைசியாகப் படம். வாட்ஸ்அப்பில் வந்தது, கூகுளில் கிடைத்தது எதுவும் வேண்டாம். வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் முருகனும் பொதுச்சொத்து அல்ல. சிவகாசி அச்சகங்கள் அடித்துத் தள்ளிய படங்களை வரைந்த கோவில்பட்டி கொண்டையராஜு இறந்தது 1976இல்; 2036 முடியும்வரை அந்த ஓவியங்களுக்கு உரிமை உண்டு. போனை எடுத்துக்கொண்டு நாமே கிளம்புவது உத்தமம். கோபுரத்தையும் பொது இடத்துச் சிலையையும் படமெடுத்து வெளியிட 52ஆம் பிரிவு இடம் தருகிறது. சுவரோவியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எடுத்த படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால், உங்கள் பெயரைப் போட்டு யாரும் அதைக் காசுக்குக்கூட விற்கலாம். அதற்குச் சம்மதமா என்று கேட்கும் கட்டத்தைப் பற்றி அடுத்த வாரம்.